வாரத்துக்கு ஒரு கம்பம்

நான்கு வருடமாக நான் தினமும் காலையில் நடக்கிறேன். இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் திமிர் ஏறிவிடுகிறது என்று மகள் சொல்வாள். ஏறட்டும். காய்ச்சலில் படுத்த நாட்களைக் கழித்துவிட்டால் ஒரு காலையையும் நான் விட்டதில்லை. கல்யாண வீட்டிலோ மருந்துக்கடை வாசலிலோ என்னைப் பார்க்கும் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படிங்க விடாமல் நடக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கோழியிடம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஆனால் கல்யாண வீட்டில் நின்றபடி அதை விளக்க முடியாது. அதனால்தான் இப்போது எழுதி வைக்கிறேன்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. எங்களுக்கு என்று பேச்சுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியோடு வருடத்தில் பாதிக்கு மேல் வடக்கே இருப்பார். பொங்கலுக்கு வருவார், ஊர்த் திருவிழாவுக்கு வருவார், மழைக்காலத்தில் வண்டி நின்றால் ஒரு மாதம் இருப்பார். பண்ணையை நடத்துவது நான். முதல் ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மகள் கைக்குழந்தை. இன்று அவள் சேலத்தில் வேலைக்குப் போகிறாள், பண்ணையில் மூன்று ஷெட்டுகள் நிற்கின்றன. எந்த வயதுக் கோழிக்கு என்ன தீவனம், எந்த வாரம் எந்தத் தடுப்பூசி, எந்த மூலையில் தண்ணீர்க் குழாய் கசியும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சுற்றுவட்டாரத்தில் என் பெயர் பலருக்குத் தெரியாது. பண்ணைக்காரம்மா என்றால் தெரியும். அந்தப் பட்டத்தின் மேல் எனக்கு ஆசை உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

எங்கள் வட்டாரத்து ஷெட்டுகளில் கூண்டுகளை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டியிருப்போம். எரு கீழே விழுந்துகொண்டிருக்கும். கோழிகளைப் பார்க்கப் பத்துப் படி ஏற வேண்டும். மூன்று ஷெட்டுக்கும் ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்குவேன் என்று நான் எண்ணியதே இல்லை. ஒரு மார்கழியில் நான்காவது படியில் நின்றுவிட்டேன். வலது முட்டி மேலே வர மறுத்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. மறுநாளும் அதே படியில் நின்றேன். அன்றைக்கு வேலையாட்கள் பார்த்துவிட்டார்கள்.

நாமக்கல் டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். ரத்தம் எடுத்துப் பார்த்து, சுகர் ஏறியிருக்கிறது, எடையும் கூடியிருக்கிறது, முட்டி அதைத் தாங்கவில்லை என்றார். மாத்திரை எழுதினார். மாத்திரையோடு தினமும் முக்கால் மணி நேரம் நடக்கவும் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விடியலில் இருந்து பொழுது சாயும்வரை கால் மேல் நிற்பவளைப் பார்த்து நடக்கச் சொல்கிறீர்களே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நிற்காமல் சேர்ந்தாற்போல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பத்தடி நடப்பேன், ஒரு கூண்டைப் பார்த்து நிற்பேன். இன்னும் பத்தடி, தீவனத்தைக் கிளறிவிட்டு நிற்பேன். சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு வந்த வீட்டுக்காரர் ரத்த ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அவருடைய அம்மாவுக்கும் இதே வயதில்தான் முட்டி போனது. அதற்குப் பிறகு அந்த அம்மா கட்டிலை விட்டு இறங்கியதே குறைவு. அந்த வீட்டில் வளர்ந்த மனிதருக்கு வேறு எதுவும் தோன்றாது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை.

"பண்ணைய லீசுக்கு உட்டுரலாம் அம்மிணி," என்றார். "மல்லசமுத்திரத்துல ஒரு பார்ட்டி கேட்டுட்டே இருக்காங்க. ஊட்டுல இருந்துட்டு ஒடம்பப் பாத்துக்க."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு வருடம் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த பொங்கலுக்குள் அந்தப் பத்துப் படியை நிற்காமல் ஏறாவிட்டால் நீங்கள் சொல்கிறபடி செய்யலாம் என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், சரி என்றார். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை. அவர் வண்டியேறிப் போன பிறகு நான் மூன்றாவது ஷெட்டின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். வேறொருத்தர் அந்தப் படிகளில் ஏறிப் போவதையும் நான் வீட்டு வாசலில் இருந்து அதைப் பார்ப்பதையும் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. நடப்பது என்றால் முழுதாக நடப்பது என்று முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தேன். மகள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையில் வாங்கிய ஷூவும் நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒரு டீ-ஷர்ட்டும் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். புடவைக்கு மேல் அந்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மண்ரோட்டில் இறங்கினேன். மூன்றாம் நாள் காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. ஒரு வாரம் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். வீம்பாக மறுபடி ஒரு மணி நேரம் நடந்தேன், மறுபடி படுத்தேன். மாசி மாதம் இப்படியே போனது.

கால்வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் மரியாதையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் காலை நேரத்தில் ரோட்டில் நடந்தால் அவளுக்கு வண்டி கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். போகிற வருகிற ஒவ்வொரு வண்டியும் நிற்கும். "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா? ஏறிக்குங்க," என்பார் பால்காரர். தீவன மூட்டை ஏற்றிய டெம்போ நிற்கும். பள்ளிக்கூட வேன்கூட ஒரு நாள் நின்றது. சுகருக்காக நடக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தோட்டத்தில் வேலை இல்லாதவர்கள்தான் நடப்பார்கள் என்று நானே பல தடவை சிரித்திருக்கிறேன், அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? சும்மாதானுங்க என்று சொல்லிவிட்டு நடப்பேன். சும்மா நடக்கும் பெண்ணைப் பார்த்து அவர்களுக்கு இன்னும் கவலையாகிவிடும்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. ரோட்டில் எதற்கு நடக்க வேண்டும்? முதல் ஷெட்டு முன்னூறு அடி நீளம். கூண்டு வரிசைகளுக்கு நடுவே வழவழவென்று சிமென்ட் பாதை. மேலே கூரை. நாய்த் தொல்லை கிடையாது, லிப்டு கொடுப்பவர்களும் கிடையாது. டைமர் வைத்திருப்பதால் விடியுமுன்பே லைட்டு தானாக எரிந்துவிடும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பண்ணை வைத்திருக்கிற எவரும் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். முட்டைக் கோழி மாதிரி பயந்த உயிர் வேறு இல்லை. அதற்குத் தினமும் அதே ஆள், அதே நிறத் துணி, அதே நடை இருக்க வேண்டும். வேலையாட்களுக்கு நானே ஒரே நிறத்தில் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஷெட்டுக்குள் போகும்போது வீட்டுக்காரரின் பழைய நீலச் சட்டையைத்தான் புடவைக்கு மேல் போட்டுக்கொள்வேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், மெதுவாக நடக்க வேண்டும், கையை வீசக்கூடாது, பளிச்சென்று எதையும் உடுத்தக்கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்பவளும் நான்தான். அப்படிப்பட்டவள் ஒரு பங்குனி விடியலில் ஆரஞ்சு டீ-ஷர்ட்டும் வெள்ளை ஷூவும் மாட்டிக்கொண்டு, டாக்டரம்மா சொன்னபடி கையை நன்றாக வீசி, முதல் ஷெட்டுக்குள் வேகமாக நடந்தேன்.

பாதி தூரம் போவதற்குள் சத்தம் கிளம்பியது. முதலில் என் பக்கத்துக் கூண்டுகளில் கோழிகள் எகிறின, பிறகு அடுத்த வரிசையில், பிறகு கடைசி வரைக்கும். கம்பியில் மோதிக்கொண்டு கத்தின. இறகு பறந்தது. நான் அசையாமல் நின்றேன். கொஞ்சம் அடங்கியதும் புதிய ஆளைப் பார்க்கிறதுகள், இரண்டு நாளில் பழகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மிச்ச தூரத்தையும் நடந்து முடித்தேன். மறுநாளும் நடந்தேன், அதற்கு மறுநாளும். என் பிடிவாதத்துக்கு ஒரு அளவு கிடையாது.

அந்த வாரமே முதல் ஷெட்டில் முட்டை குறைந்தது. ஓடு கட்டாத தோல் முட்டைகள் விழ ஆரம்பித்தன. கோழி டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் தீவனத்தைப் பார்த்தார், தண்ணீரைச் சோதித்தார், நோய் ஏதாவது இருக்குமோ என்று ரத்தம் எடுத்தார். கடைசியில், ஷெட்டில் புதிதாக ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் பொய் சொன்னதில்லை. உண்மையில் அந்த நிமிடம்வரை எனக்குமே உறைக்கவில்லை, கேள்வி காதில் விழுந்த பிறகுதான் ஆரஞ்சு டீ-ஷர்ட் ஞாபகத்துக்கு வந்தது.

பக்கத்தில் முட்டை எடுக்கும் பெண் நின்றிருந்தாள். ஒடிசாவில் இருந்து புருஷனோடு வந்து எங்கள் பண்ணையிலேயே தங்கி வேலை செய்பவள். அதிகம் பேசமாட்டாள். அவள் முட்டை அட்டையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மடக்கி, என்னைப் போலவே வீசி வீசி, நின்ற இடத்திலேயே நான்கு எட்டு நடந்து காட்டினாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல அட்டையை எடுத்துக்கொண்டாள். கோழி டாக்டர் என்னைப் பார்த்தார், என் காலில் இருந்த வெள்ளை ஷூவைப் பார்த்தார். சிரிக்கக்கூடாது என்று அவர் பட்ட பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் கிளம்பிய பிறகு அவளைத் திட்டலாம் என்று போனேன், சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் முட்டை ரூமில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. கால் சரியாகவில்லை, இரண்டு மாதம் வீணாகிவிட்டது, இப்போது பண்ணையையும் நானே கெடுக்கிறேன். இது மல்லசமுத்திரம் வரைக்கும் போனால் லீசை நாளைக்கே பேசி முடித்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் மூன்றாவது ஷெட்டில் டைமரைத் திருப்பி வைக்கிற வேலை இருந்தது. அங்கே குஞ்சிலிருந்து வளர்த்த கோழிகள் முட்டைக்கு வரும் பருவத்தில் இருந்தன. அந்தப் பருவத்தில் வெளிச்சத்தை வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டுவோம். பகலும் லைட்டும் சேர்ந்து பதினாறு மணி நேரம் ஆகும்வரை அப்படியே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுவோம். அவசரப்பட்டு ஒரே நாளில் கூட்டினால் உடம்பு தயாராகும் முன்பே முட்டை வந்து கோழி கெட்டுப்போகும். கூட்டியதைக் குறைக்கவும் கூடாது, குறைத்தால் முட்டை நின்றுவிடும். கரண்ட் போனால்கூட உடனே ஜெனரேட்டரைப் போடுவோம். இந்த வேலையை நான் எத்தனை ஈட்டுக் கோழிகளுக்குச் செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

டைமரின் முள்ளை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டு அங்கேயே நின்றேன். ஒரு கோழிக்குக் காட்டும் பொறுமையை நான் எனக்குக் காட்டவில்லையே என்று தோன்றியது. முதல் நாளே பதினாறு மணி நேர வெளிச்சத்தை என் தலையில் நானே கொட்டிக்கொண்டிருந்தேன். வேறு யாராவது என் கோழிகளுக்கு அப்படிச் செய்திருந்தால் அவர்களைப் பண்ணைக்குள் விட்டிருக்க மாட்டேன்.

எங்கள் பண்ணை கேட்டில் இருந்து தார்ரோடு வரைக்கும் மண்ரோட்டின் ஓரமாகப் பதினெட்டு கரண்ட் கம்பங்கள். தார்ரோட்டில் திரும்பினால் பஸ் ஸ்டாப் வரைக்கும் இன்னும் பன்னிரண்டு. சித்திரை பிறந்த முதல் வாரம் நான் முதல் கம்பம்வரை நடந்து திரும்பினேன். அவ்வளவுதான். ஷூ மாட்டிக் கழற்றுகிற நேரம் நடந்த நேரத்தைவிட அதிகம். இரண்டாம் நாளே கால் இன்னும் போகலாம் என்றது, மனசும் போ போ என்றது. கம்பத்தைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த ஏழு நாட்களில் பட்ட கஷ்டத்தை நான் வேறெந்த வாரத்திலும் படவில்லை. நிறுத்திக்கொள்வது எனக்குத் தெரியாத வேலை.

இரண்டாவது வாரம் இரண்டாவது கம்பம். மூன்றாவது வாரம் மூன்றாவது. ஷெட்டில் லைட்டு எரிந்து, தண்ணீரையும் கோழியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்ததும் கிளம்பிவிட வேண்டும். கோழிக்கு நேரம் மாறக்கூடாது, எனக்கும் மாறக்கூடாது. ஆரஞ்சு டீ-ஷர்ட்டை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரரின் நீலச் சட்டைதான் நடைக்கும். ஷூவைப் பண்ணை கேட்டிலேயே கழற்றி வைத்துவிடுவேன், ஷெட்டுக்குள் பழைய செருப்பு. ஒரு மாதத்தில் முதல் ஷெட்டில் முட்டை பழைய நிலைக்கு வந்துவிட்டது.

வண்டி நிறுத்துகிறவர்களை என்ன செய்வது? ஐந்தாவது கம்பத்தருகே பால்காரர் மறுபடி வண்டியை நிறுத்தியபோது நான் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன். சுகர் இருக்கிறது, முட்டி போய்விட்டது, வாரத்துக்கு ஒரு கம்பம் கூட்டி நடக்கிறேன், தயவுசெய்து ஏறச் சொல்லாதீர்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டு போய்விட்டார். பத்து வீட்டுக்குப் பால் ஊற்றும் மனிதரிடம் ஒன்றைச் சொன்னால் தனியாக மைக்கு கட்டத் தேவையில்லை. அடுத்த வாரத்தில் இருந்து ஒரு வண்டியும் நிற்கவில்லை. அதற்குப் பதிலாக எதிரே வருகிறவர்கள் எல்லாம், "இன்னைக்கு எத்தனாவது கம்பமுங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே எழுந்திருக்க ஆரம்பித்தேன். எட்டாவது கம்பத்தில் நிற்கிறேன் என்று போன வாரம் சொல்லிவிட்டு இந்த வாரம் வீட்டில் படுத்துக்கொள்ள முடியுமா?

ஆடி மாதம் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அப்போது நான் பதினான்காவது கம்பத்தில் இருந்தேன். எழுந்து நின்ற முதல் காலையில் கால் வெடவெடவென்று ஆடியது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பழைய ஆளாக இருந்திருந்தால் வீம்புக்குப் பதினான்காவது கம்பம்வரை போய் அங்கேயே விழுந்திருப்பேன், இல்லாவிட்டால் அத்தோடு விட்டிருப்பேன். கோழிக்கு நோய் வந்து தேறினால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். திட்டமாட்டேன், அவசரப்படுத்தமாட்டேன். ஐந்தாவது கம்பத்தில் இருந்து மறுபடி ஆரம்பித்தேன், இந்தத் தடவை இரண்டு நாளுக்கு ஒரு கம்பம். உடம்புக்குப் பழசு ஞாபகம் இருந்தது. மூன்று வாரத்துக்குள் விட்ட இடத்துக்கு வந்துவிட்டேன். பதினான்காவது கம்பத்தை மறுபடி தொட்ட அன்று ரோட்டில் யாருமில்லை. இருந்திருந்தால், கம்பத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த பண்ணைக்காரம்மாவைப் பார்த்துப் பயந்திருப்பார்கள்.

புரட்டாசியில் ஊரே முட்டை சாப்பிடுவதை நிறுத்தியது, விலை விழுந்தது, பண்ணைக்காரர்கள் முகமும் விழுந்தது. மல்லசமுத்திரத்துக்காரருக்கு அதுதான் நல்ல நேரம் போலிருக்கிறது. அந்த வருடம் திருவிழாவுக்கும் மழைக்கும்கூட ஊருக்கு வராத வீட்டுக்காரருக்கு போன் செய்து மறுபடி லீசு பற்றிக் கேட்டிருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நேரிலேயே பார்த்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். என்னிடமும் போனில் அதையே சொன்னார். சரிங்க என்றேன். நான் எத்தனாவது கம்பத்தில் இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நடக்கிறேன் என்று சித்திரையில் சொன்னதை அவர் அப்போதே மறந்திருப்பார். கார்த்திகை முடிவதற்குள் நான் முப்பதாவது கம்பத்தைத் தொட்டேன். போய்த் திரும்ப நாற்பது நிமிடம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். படிகளை நிற்காமல் ஏறினேன், இறங்கினேன், யாருக்கும் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு.

மார்கழி கடைசியில் அவர் வந்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஞாயிற்றுக்கிழமை மல்லசமுத்திரத்துக்காரர் பண்ணையைப் பார்க்க வருவார் என்றார். நான் இன்னொரு தோசையை அவர் தட்டில் போட்டேன். மறுநாள் காலையில் ஷெட்டைப் பார்த்துவிட்டு கேட்டில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, பல் விளக்கிக்கொண்டே அவர் வந்து நின்றார்.

"இந்தப் பனியில எங்க கெளம்பீட்ட?" என்றார்.

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போய்ட்டு வாரேனுங்க. நீங்களும் வாங்க," என்றேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். ரிக்கில் அவர் நாளெல்லாம் நிற்கிற ஆள்தான், ஆனால் பத்தடிக்கு மேல் அங்கேயும் நடை கிடையாது. வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. நான் என் வேகத்தில் நடந்தேன். மூன்றாவது கம்பம்வரை சத்தீஸ்கரில் பாறை உடையாத கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறாவது கம்பத்தில் கதை நின்றது. ஒன்பதாவது கம்பத்தில் செருப்பு தேயும் சத்தம் பின்னால் கேட்டது. பன்னிரண்டாவது கம்பத்தருகே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் திட்டில் உட்கார்ந்து, நீ போய்விட்டு வா என்று கையால் சைகை காட்டினார். பேச மூச்சில்லை. நான் போனேன். நான் வேண்டுமென்றே வேகமாக நடந்தேனா என்று கேட்டால், ஆமாம்.

முப்பதாவது கம்பத்தைத் தொட்டுத் திரும்பி வந்தபோது பனி விலகியிருந்தது. அவர் பாலத்துத் திட்டிலேயே உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்து நின்றதும் எதிரே பால்காரர் வந்தார். என்னைப் பார்த்து வழக்கம்போலத் தலையசைத்தார். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஏனுங்க, முடியலீங்களா? ஏறிக்குங்க, ஊட்டுல எறக்கி உடறேன்," என்றார்.

எனக்கு அப்போது வந்த சிரிப்பை அடக்கியதுதான் அந்த வருடத்தில் நான் செய்த பெரிய உடற்பயிற்சி. வேண்டாமுங்க என்று அவரை அனுப்பிவிட்டு வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தார். நான் வந்த வழியில் கம்பங்கள் வரிசையாகத் தெரிந்தன. தினமும் இவ்வளவு தூரமா என்று கேட்டார். சித்திரையில் முதல் கம்பத்தில் இருந்து ஆரம்பித்ததையும், டைமரையும், ஆடிக் காய்ச்சலையும் சொன்னேன். ஆரஞ்சு டீ-ஷர்ட்டைப் பற்றி அன்றைக்குச் சொல்லவில்லை. அவர் போர் போடுகிறவர், இரும்பு ராடை ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் நாங்களும் பூமிக்குள் போகிறோம் என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். பிறகு சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார்.

மறுமுனையில் இருந்தவர் மல்லசமுத்திரத்துக்காரர் என்பது இரண்டு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம நீங்க வர வேண்டாமுங்க," என்றார். "எங்கூட்டுல அவங்களே பாத்துக்குவாங்க."

அவங்களே. இருபத்தைந்து வருடத்தில் அவர் என்னை முன்னால் வைத்துக்கொண்டு வேறு ஒரு ஆளிடம் இப்படி மரியாதையாகச் சொன்னதில்லை. ரோட்டில் வைத்து அழ எனக்கு விருப்பமில்லை. வீட்டுக்கு வந்து சேரும்வரை அவர் வேகத்திலேயே நடந்தேன். பண்ணைக்குள் நுழைந்ததும் செருப்பை மாற்றிக்கொண்டு முதல் ஷெட்டின் பத்துப் படியையும் ஒரே மூச்சில் ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் விடியலில் எனக்கு முன்பே அவர் கேட்டில் நின்றார். காலில் மகளின் பழைய ஷூ, பின்னால் குதிகாலை மிதித்துப் போட்டிருந்தார். இன்றைக்குப் பஸ் ஸ்டாப்பைத் தொடாமல் திரும்பமாட்டேன் என்றார். இரண்டு பேரும் முதல் கம்பம்வரை நடந்தோம். அங்கே நான் நின்று அவர் தோளைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன்.

"இந்த வாரம் இதுவரைக்குந்தானுங்க," என்றேன்.

நேற்றுப் பன்னிரண்டு கம்பம் வந்தேனே என்று அவர் சண்டைக்கு வந்தார். நேற்று வந்ததால்தான் இன்றைக்கு நொண்டுகிறீர்கள், போங்கள், போய் ஷெட்டில் தண்ணீர் வருகிறதா பாருங்கள் என்றேன். அவர் கம்பத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். எனக்கு இன்னும் இருபத்தொன்பது கம்பங்கள் இருந்தன, நான் போனேன்.